ஹலீமின் உடைந்த சுவீடிஷ்

யூனாஸ் ஹஸன் கெமீரியின் முதல் நாவல் 'ஒரு கண் சிவப்பு' 2003இல் வெளிவந்தபோது, குடியேறிகளின் புறநகர்ப் பேச்சுமொழி இலக்கியமாகிவிட்டதென விமர்சகர்கள் பலர் கொண்டாடினர். இந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

கெமீரி 1978இல் ஸ்ரொக்ஹோமில் சுவீடிஷ் தாய்க்கும் துனீசியத் தந்தைக்கும் பிறந்தவர். கதைசொல்லி ஹலீம், மொரோக்கோப் பின்னணியுள்ள பாடசாலை மாணவன். திருத்தமான சுவீடிஷ் அவனுக்குத் தெரியும். ஏன் நேற்று வந்திறங்கியவனைப் போலப் பேசுகிறாய் என்று எரிச்சல்படுபவர் அவனது தந்தைதான். பாடசாலையிலோ அரபு வகுப்பை நிறுத்துகிறார்கள். வினைச்சொல் இரண்டாமிடத்தில் நிற்கவேண்டும் என்பது சுவீடிஷ் வகுப்பில் நம்மவர் பலர் தடுக்கிவிழுந்த விதி. தன் குறிப்பேட்டில் ஹலீம் அதை வேண்டுமென்றே மீறுகிறான். இந்த மீறலை 'அசல் குடியேறிக் குரல்' என்று மெச்சுபவர்கள் நம்மிடமிருந்து வாக்குமூலத்தை எதிர்பார்க்கிறார்களே தவிர, புனைவை அல்ல.

அதற்காக ஹலீமைப் போராளியாக்கவும் வேண்டாம். தன்னைச் 'சிந்தனைச் சுல்தான்' என அழைத்துக்கொள்ளும் அவனது அராபியப் பழம்பெருமையைக் கெமீரி சிரித்தபடியே அம்பலப்படுத்துகிறார். (பழம்பெருமை நமக்கும் அந்நியமல்ல.) எனக்கு நாவலின் பலமே இந்தச் சிரிப்புத்தான்.

2013இல் நீதியமைச்சர் பியாத்ரிஸ் ஆஸ்குக்குக் கெமீரி எழுதிய பகிரங்கக் கடிதத்தைப் பலர் வாசித்திருப்பீர்கள். நாவலையும் வாசியுங்கள், முடிந்தால் சுவீடிஷிலேயே. சில பக்கங்களைத் தமிழாக்க முயன்று கைவிட்டேன். தமிழில் சொற்களை இடம்மாற்றினால் அது பிழையாகவே தெரிவதில்லை. ஹலீம் நல்ல பிள்ளையாகிவிடுகிறான்.