பழவேற்காட்டுக் கரையிலிருந்து கலிலேயா

இயேசுவின் வாழ்வையும் போதனையையும் ஆராய்ந்த தமிழர்கள் பலர். தஞ்சாவூரில் பிறந்த பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா 1945இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். காந்தி அதற்கு முன்னுரை எழுதினார். 1994இல் தாமஸ் தங்கராஜ், சைவ சித்தாந்தம் காட்டும் குருவின் வழியாக இயேசுவை விளக்கினார். இலங்கைத் தமிழரான ஆர்.எஸ். சுகிர்தராஜா, காலனி ஆட்சி விவிலிய வாசிப்பை எப்படியெல்லாம் வளைத்தது என்று காட்டினார். மூவரிடமும் நான் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் நற்செய்திகளில் பெரும்பகுதி ஒரு ஏரியைச் சுற்றியே நடக்கிறது. முதலில் அழைக்கப்பட்ட நால்வரும் மீனவர்கள். வலையோடு பிழைப்பவர்களிடம் கேட்டு அந்தப் பக்கங்களைப் படிக்கும் வேலை நம் ஆராய்ச்சியில் இன்னும் போதிய இடம் பெறவில்லை.

அதற்குச் சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் உள்ள பழவேற்காட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. மகிமை மாதா ஆலயம் 1515இல் போர்ச்சுக்கீசியர் எழுப்பியதாகச் சொல்லப்படுகிறது. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே 1630களில் போதகராயிருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ் ஏறக்குறையப் பத்தாண்டு தங்கினார். அவர் இறந்தபின் 1651இல் வெளிவந்த பெரிய நூல், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதியது. அருமையான நூல்தான். ஆனாலும் கோட்டைக்கு வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அவருக்குத் தகவல் தருபவர்களாகவில்லை. அதே நூற்றாண்டில் அதே துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். சிறைப்பட்டோருக்கு விடுதலை சொல்ல வந்தவரின் பெயரால் வழிபாடு நடந்த கோட்டை அது. அங்குள்ள டச்சுக் கல்லறைகளின் செதுக்கு வேலையைப் புகழும் கட்டுரைகள் இதைக் கடந்துபோவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தமிழ் விவிலியத்துக்கும் இந்த ஊரோடு தொடர்பு உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ் தம் சபையாருடன் இங்கே அடைக்கலம் புகுந்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது 1772இல்.

கலிலேயா பற்றிய ஆராய்ச்சி கடந்த ஐம்பது ஆண்டுகளில் நூலகத்திலிருந்து கரைக்கு இறங்கிவிட்டது. மெண்டல் நூன் அந்த ஏரியிலேயே மீன்பிடித்தவர்; பிறகு அதன் வலைகளைப் பற்றி எழுதினார். அக்காலத்து வலை ஆளிச்செடி நூலால் ஆனது, பகலில் மீன் கண்ணில் படும், ஆகவே இரவில்தான் வலைவிடுவார்கள் என்றார். காலையில் அலசி உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காமல் வலை அலசிக்கொண்டிருந்த பேதுருவின் அலுப்பு இதைத் தெரிந்தபின் இன்னும் கனக்கிறது. 1986இல் வறட்சியால் நீர் வற்றியபோது சேற்றிலிருந்து கிடைத்த முதல் நூற்றாண்டுப் படகு எட்டு மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம். கிடைத்த மரத்தையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டுச் செய்தது. கே.சி. ஹான்சன் 1997இல், அந்த ஏரியின் மீன்பிடிப்பு ஏரோதின் வரிக்கும் குத்தகைக்கும் கட்டுப்பட்டிருந்தது என்று வாதிட்டார்.

வலையைக் கரைக்கு இழுத்து நல்லது கெட்டது பிரிக்கும் உவமையை எடுத்துக்கொள்வோம். யூதச் சட்டப்படி செதிலும் துடுப்பும் இல்லாதது தீட்டு. கலிலேயாக் கரையில் கெளுத்தியை எடுத்து எறிந்திருப்பார்கள். பழவேற்காட்டில் மடவையும் கிழங்கானும் ஒரு கூடையில் விழும். இறாலும் நண்டும் தனியாகப் போகும், காசு அவற்றில்தான். மத்தேயு எழுதிய கரையில் அந்த இரண்டும் ஆகாதவை! இந்த வேறுபாட்டைக் கவனித்தால், எது கெட்ட மீன் என்ற பட்டியலைவிட, பிரிப்பதற்கு முன் வலை எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது என்ற முதல் பாதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தது பங்கீடு. இங்கே பாடு முறை இருக்கிறது. இறால் கிடைக்கும் இடங்களை உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்கு முறைவைத்து, சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கத்தோலிக்கர் வாழும் நடுவூர் மாதாகுப்பம் ஆகியவற்றில் இது நடக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தார்கள் என்பது மற்ற ஊர்களில் விளக்க வேண்டிய செய்தி. இந்தக் குப்பங்களில் அது அன்றாட நடைமுறை.

ஆனால் பாடு உரிமை எல்லோருக்கும் இல்லை. இறால் ஏற்றுமதி பெருகியபின் பரம்பரை மீனவர் அல்லாதவர்களும் ஏரிக்குள் வந்தார்கள், மோதல்களும் வந்தன. பழங்குடியினரான இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரனின் உவமை இங்கே வெறும் ஆன்மிகச் செய்தியாக நிற்க முடியாது. பாடு உரிமையுள்ள பாட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு: ஏரி தாங்கும் அளவுக்குத்தான் வலை இறங்கலாம், முகத்துவாரம் மணல் மூடினால் உள்ளே வரும் இறாலும் குறையும். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்களின் முணுமுணுப்பை உவமையே மறைக்கவில்லை. தோட்டக்காரனுக்கு அது சொந்தத் தோட்டம். இந்த ஏரி யாருக்குச் சொந்தம் என்பதுதான் இங்கே வழக்கு. அந்த உவமையை மாதாகுப்பத்துப் பாட்டுக்காரரும் கையால் இறால் தடவும் இருளர் பெண்ணும் எப்படி எப்படி வாசிக்கிறார்கள் என்பதை அவரவர் பேச்சிலேயே பதிவுசெய்வதுதான் அடுத்த ஆய்வாளர் எடுக்க வேண்டிய வேலை.