முகப்பை விட்டுப் போன அம்பாசடர்

மானகிரி வீட்டு முகப்பிலிருந்து எங்கள் முதல் கார் போன வாரம் போயிற்று. வெள்ளை அம்பாசடர், மார்க் 4, டீசல்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி, 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்த உருவம் அது. 2014 மே மாதம் தயாரிப்பு நிற்கும்வரை முகம் மாறியதே தவிர உடம்பு மாறவில்லை.

அதன் அழகே அந்த உடம்புதான். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் இருந்ததால் முன்சீட் திண்ணைபோல நீளும். முன்னால் மூவர், பின்னால் நால்வர், மடிகளில் பிள்ளைகள். பிள்ளையார்பட்டிக்கு ஒரே நடை. கதவைச் சாத்தினால் தேக்கு நிலைக்கதவின் கனத்தோடு ஒரு ‘தொப்’. முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் செம்மண் வாசனையோடு காற்று முகத்தில் அடிக்கும். ஏசி எதற்கு?

கடைசி இரண்டு வருஷம் நாங்கள்தான் கவனிக்கவில்லை. பேட்டரி செத்து, வேப்பஞ்சருகு மூடிக் கிடந்தது. வாங்க வந்தவர் தட்டிப் பார்த்து, “தகரம் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு” என்றார். எனக்கே பாராட்டு கிடைத்ததுபோல இருந்தது.

வாங்கிய நாளில் செய்ததுபோலவே ஆயா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். “போற இடத்துலயும் நல்லா ஓடட்டும்.”

திருப்பத்தூர் சாலையில் வெள்ளை மார்க் 4 எதிர்ப்பட்டால், எங்களுக்காக ஒரு ஹாரன் அடியுங்கள்.