நன்னூல் காட்டும் மாணாக்கர் வகைமையும் இன்றைய வகுப்பறை ஒழுங்கும்

முன்னுரை

மாணவர் நடத்தையை நெறிப்படுத்துதல், கற்றலில் அவர்தம் ஈடுபாட்டை வளர்த்தல் ஆகியன குறித்த தமிழ்க் கட்டுரைகள் பலவற்றில் பவணந்தி முனிவரின் நன்னூல் மேற்கோளாக இடம்பெறுகிறது. அவ்வாறு எடுத்தாளப்படுவது பெரும்பாலும் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தும் 38ஆம் நூற்பாவேயாகும். 'மாணவர் உளவியலை அன்றே அறிந்த தமிழ்' என்ற பாராட்டுடன் அக்கட்டுரைகள் நிறைவுறுகின்றன. இப்பாராட்டு நூற்பாவின் பொருளைக் குறுக்குவதோடு, வகுப்பறையின் குறைகள் அனைத்தையும் மாணவர் மேல் ஏற்றுவதற்கும் வழிவகுக்கிறது. பொதுப்பாயிரத்தை முழுமையாக நோக்குங்கால் வேறொரு பொருள் புலப்படுவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

உவமைகள் உணர்த்துவன

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் ஆவும் தலைமாணாக்கருக்கு உவமைகள். உழவனின் முயற்சிக்கேற்ப விளைவு தரும் மண்ணும், கற்பித்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியும் இடைமாணாக்கருக்கு உரியன. ஓட்டைக் குடமாகிய இல்லிக்குடம், ஓரிடத்தில் நில்லாது நுனிப்புல் மேயும் ஆடு, குளத்தைக் கலக்கிப் பருகும் எருமை, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றும் நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கரைக் குறிக்கின்றன.

இவ்வெட்டு உவமைகளும் பிறப்பால் அமைந்த தகுதியைச் சுட்டவில்லை. கொள்ளும் செயலையே சுட்டுகின்றன. பிரித்தல், அசைபோடுதல், விளைதல், ஒழுகவிடுதல், கலக்குதல் என யாவும் வினைகளே. வினை மாறக்கூடியது. மண் என்னும் உவமையில் விளைச்சலின் பொறுப்பு உழவனுக்கும் உரியதாகிறது. கிளி என்னும் உவமையும் ஒப்பிக்க மட்டுமே பயிற்றிய ஆசிரியரை மறைமுகமாகச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. எனவே இவ்வகைமையை மாணவர் மீது நிலையாக ஒட்டப்படும் பெயராகக் கொள்வது நூலாசிரியரின் உவமை நெறிக்கே முரணாகும்.

ஆசிரியருக்குரிய உவமைகள்

பாயிரத்தின் வைப்புமுறையும் இக்கருத்திற்கு அரணாகிறது. நூல், நூலை நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கொள்ளும் முறை என ஐந்தும் இவ்வரிசையிலேயே அமைகின்றன. மாணவனைப் பற்றிப் பேசும் முன்னரே ஆசிரியனின் இயல்பும் பாடம் சொல்லும் முறையும் வரையறுக்கப்பட்டுவிடுகின்றன.

ஆசிரியர் ஆதற்குத் தகுதியற்றோரும் உவமைகளால் சுட்டப்படுகின்றனர். இட்ட முறையில் அன்றி முறைபிறழக் கொட்டும் கழற்குடம், தானே பழம் உதிர்த்தாலன்றிப் பிறர் அணுகிப் பறிக்க இயலாத மடற்பனை, சிறிது சிறிதாகவே வெளிவிடும் பருத்திக்குண்டிகை, நீர் வார்த்தவர்க்கு உதவாது பிறர்க்குக் காய் தரும் முடத்தெங்கு என்பன அவை. குடம் என்னும் உவமை மாணவர் பக்கமும் ஆசிரியர் பக்கமும் வருதல் நோக்கத்தக்கது. இல்லிக்குடத்தை மேற்கோள் காட்டுவோர் கழற்குடத்தை விட்டுவிடுதல் நடுநிலையான வாசிப்பு ஆகாது.

பாடம் சொல்லும் முறையை விளக்கும் 36ஆம் நூற்பா காலமும் இடமும் அறிதல், உரைக்கும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல், விரையாமை, வெகுளாமை, முகமலர்ச்சி, கொள்வோனின் கொள்திறனை அறிந்து அவன் உளங்கொள்ளுமாறு உரைத்தல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. 1970இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க உளவியலறிஞர் ஜேக்கப் கூனின், ஒழுங்கு மீறல் நிகழ்ந்த பின்னர் அதனைக் கையாளும் முறையில் அன்று, அது நிகழாதவாறு வகுப்பை நடத்தும் திறனிலேயே சிறந்த ஆசிரியர் வேறுபடுகின்றனர் என்ற முடிவை முன்வைத்தார். வகுப்பு முழுவதன் மீதும் விழிப்புடன் இருத்தல், தடையின்றிப் பாடத்தை நகர்த்துதல் ஆகியன அவர் சுட்டும் திறன்கள். நன்னூல் ஒருவர்க்கு உரைத்தலையும், கூனின் ஒரு குழுவை நடத்துதலையும் பேசுகின்றனர். ஆதலின் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. எனினும் ஒழுங்கின் தொடக்கத்தை ஆசிரியரின் ஆயத்தத்தில் காண்பதில் இரண்டும் ஒத்துச்செல்கின்றன.

ஈடுபாட்டின் கணக்கு

ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் காற்பங்கே என்கிறது நன்னூல். மற்றொரு காற்பங்கு உடன்பயில்வோரோடு பழகுவதால் வருவது. எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்புவது. வினாதலும் வினாயவற்றுக்கு விடையளித்தலும் பயிலும் முறைகளாகவே கூறப்படுகின்றன. இக்கணக்கின்படி, மாணவர் வாய் திறவாத வகுப்பு ஒழுங்கான வகுப்பாகத் தோன்றலாம். ஆயினும் அது முக்காற்பங்கு கல்வியை இழந்த வகுப்பாகும்.

ஏற்கவியலாப் பகுதி

நன்னூலை இன்றைய வகுப்பறைக்கு அவ்வாறே பொருத்துதலும் இயலாது. நோயாளி, உறங்குபவன், மந்தன், சினமுடையோன் முதலியோர்க்கு நூல் உரைத்தலாகாது என்று அது விலக்குகிறது. மன்னன் மகனையும் பொருள் மிகக் கொடுப்போனையும் ஏற்கிறது. ஆசிரியர் மாணவரைத் தேர்ந்துகொள்ளும் மரபின் விதி இது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகள் அனைவர்க்கும் கல்வியை உரிமையாக்குகிறது. அதன் 17ஆம் பிரிவு உடல்சார் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. இந்நிலையில் ஒரு மாணவனை வகுப்பின் நடுவே எருமை என்று அழைத்துவிட்டு இலக்கணச் சான்று காட்டுதல் சட்டத்திற்கும் பொருந்தாது, நூலின் வெகுளாமைக்கும் பொருந்தாது. அன்று விலக்கப்பட்டவர்களே இன்று ஆசிரியரின் கவனத்திற்கு முதல் உரிமை உடையோர்.

முடிவுரை

மாணாக்கர் வகைமையை மட்டும் பிரித்தெடுத்து ஓதும் வாசிப்பு நன்னூலைப் பழிசுமத்தும் கருவியாக்குகிறது. ஆசிரியர் இயல்பு, உரைக்கும் முறை, காற்பங்குக் கணக்கு ஆகியவற்றோடு இணைத்து வாசிக்கும்போது அது ஆசிரியரின் தற்சோதனைக்குரிய நூலாகிறது. ஆசிரியர் கல்வியியல் நிறுவனங்களில் இந்நூற்பாக்கள் கற்பிக்கப்படும்போது, 'என் வகுப்பில் இல்லிக்குடம் யார்?' என்ற வினாவுக்கு முன்னர் 'நான் கழற்குடமாக இருக்கிறேனா?' என்ற வினா எழுப்பப்படுதல் வேண்டும். விலக்கும் விதிகளை அவற்றின் காலத்திற்கு உரியனவாகக் கொண்டு, உளங்கொள உரைக்கும் முறையைப் பேணுவதே இப்பாயிரத்திற்கு இன்று செய்யத்தக்க நேர்மையான உரையாகும்.