கல்லறைத் திருநாளில் ஒரு நடைப்பயணம்

ஹிலேர் பெல்லாக் என்றதும் கத்தோலிக்க வாசகர் நினைவுக்கு முதலில் வருவது, 1901-ல் அவர் பிரான்சிலிருந்து உரோமைவரை நடந்த திருப்பயணத்தைக் கூறும் நூல்தான். அதனினும் ஆழமானது, ‘நால்வர்’ எனும் அவரது மற்றொரு நடைநூல் என்பது நம் எண்ணம். இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சசெக்ஸ் மாவட்டத்தின் கிழக்கே, ராபர்ட்ஸ்பிரிட்ஜ் எனும் சிற்றூரின் விடுதியில் அது தொடங்குகிறது. ஏறத்தாழ 140 கிலோமீட்டர் கடந்து, மேற்கெல்லையில் ஹார்ட்டிங் அருகே முடிகிறது. காலம், 1902 அக்டோபர் 29 முதல் நவம்பர் 2 வரை. இவ்வைந்து நாள்களுள் இறுதி நாளையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். அது இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். நம் மக்கள் வழக்கில் கல்லறைத் திருநாள்.

நடப்பவர் நால்வர்: நரைதாடிக் கிழவர், மாலுமி, கவிஞர், பிறகு ‘நான்’. நால்வரும் ஒரே மனிதரின் நான்கு முகங்களே என்பது சில பக்கங்களிலேயே விளங்கிவிடும். முதல் நான்கு நாள்களில் வாதமும் பாட்டும் பீரும் குறைவின்றி உண்டு. புனித டன்ஸ்டன் சாத்தானை ஏமாற்றிய கதை வருகிறது. அருளின் உதவியின்றி மனிதன் தன் முயற்சியாலேயே மீட்படையலாம் என்ற பெலாஜியுவின் தப்பறையை, விடுதியில் பாடும் குடிப்பாட்டாகவே மாற்றி நையாண்டி செய்கிறார் பெல்லாக். இறையியலை இவ்வளவு உரக்கச் சிரித்துக்கொண்டு பேசிய கத்தோலிக்க எழுத்தாளர் அரிதே. (நம் பங்குகளில் இந்தச் சிரிப்பு சற்றே குறைவுதான்.)

ஐந்தாம் நாளில் இந்த ஆரவாரம் அடங்கிவிடுகிறது. ஹார்ட்டிங்கை நெருங்குமுன் மற்ற மூவரும் விடைபெறுகின்றனர். வீடும் கோட்டையும் நட்பும் உட்பட உலகில் எதுவும் நிலைப்பதில்லை என்று கிழவர் கூறுகிறார். நிலையானவற்றையே இனி முதன்மையாக எண்ணுமாறு அறிவுரை மட்டும் சேர்க்கிறார். பின்னர் ‘நான்’ மட்டும் சுண்ணாம்புக் குன்றுகளின்மீது தனியே நடக்கிறார். 1972-ல் திறக்கப்பட்டு, ஈஸ்ட்போர்னிலிருந்து வின்செஸ்டர்வரை 160 கிலோமீட்டர் செல்லும் நெடும்பாதையும் இன்று அக்குன்றுகளின் வழியாகவே போகிறது. முதுகுச் சுமையோடு அதில் நடப்போர் கடக்கும் இடம், ஒருவர் தம்மைவிட்டே தாம் பிரிந்த இடம்.

அந்தத் தனிமைக்குப் பெல்லாக் தரும் விடையில்தான் நமக்கு இடறல். நூலின் முடிவில் ஒரு கவிதை அமைகிறது. தான் நேசித்த நிலத்துக்குத் தன்னில் சிறிதேனும் விட்டுச் செல்பவன் முற்றிலும் சாவதில்லை. குன்றுகள் அவனை நினைவில் கொள்ளும் என்பது அதன் சாரம். ஓசை இனியது. ஆனால் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி, இறந்தவர் பெயரைச் சொல்லி மன்றாடும் ஒரு நாளில் இது போதுமா? உடலின் உயிர்ப்பை ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடும் வாயால், மண்ணின் நினைவே நம் மறுவாழ்வு என்று சொல்ல முடியுமா?

இலக்கியம் மறைக்கல்வி நூலன்று என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் நம் குறை கோட்பாடு பற்றியது மட்டுமன்று. கிழவரின் பிரிவுரை எளிதாகத் தேற்ற மறுக்கிறது. அதனாலேயே அது உண்மையாக ஒலிக்கிறது. கவிதையோ அவசரமாகத் தேற்றுகிறது. சிந்திய கண்ணீர் காயுமுன்னே எழும் இசை அது. பிறப்பால் பிரெஞ்சு மண்ணுக்குரிய பெல்லாக், சிறுவராய்ச் சசெக்ஸுக்கு வந்து, அதனைத் தம் சொந்த மண்ணாக்கிக்கொண்டவர். தத்தெடுத்த தாயிடம் காட்டும் அன்பில் எப்போதும் சற்று மிகை இருக்கும். இங்கும் அந்த மிகை தெரிகிறது. நிலத்தைப் பாடிய கவிஞன், இறந்தோருக்காக மன்றாடும் கத்தோலிக்கனை இங்கு முந்திவிடுகிறான்.

எனினும் நூலை எழுதியபோது பெரும் பிரிவுகள் அவருக்கு இன்னும் நேரவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. 1914 பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாளன்று, அவர் மனைவி எலோடி காலமானார். இளமையில் அமெரிக்காவின் பெரும்பகுதியை நடந்தே கடந்து கலிபோர்னியாவுக்கு அவர் தேடிச் சென்ற பெண் அவர். 1918-ல் மூத்த மகன் லூயி போரில் மறைந்தார், உடல் கிடைக்கவில்லை. 1941-ல் இன்னொரு மகன் பீட்டரும் இறந்தார். குன்றுகள் நினைவில் கொள்ளும் என்ற பாட்டு அப்போது அவருக்கு எவ்வளவு உதவிற்று? 1953-ல் இறக்கும்வரை அவர் கறுப்பு உடையே அணிந்தார். ஷிப்லி ஊரிலிருந்த தம் இல்லத்தில் மனைவியின் அறையைப் பூட்டி வைத்தார். அதைக் கடக்கும்போதெல்லாம் மூடிய கதவின்மேல் சிலுவை அடையாளம் வரைந்தார்.