மொச்சை பிதுக்க ஆள் ரெடி!

மூன்று வயதுக் குழந்தையைச் சமையலறைக்குள் விடலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டால் போதும், நான் பேச்சை நிறுத்தவே மாட்டேன். விடுங்கள்! அடுப்புக்கும் அரிவாள்மணைக்கும் எட்டாத இடமாகப் பார்த்து ஒரு மணையைப் போட்டு உட்கார வையுங்கள். எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் சமீபத்தில் எதுவும் வரவில்லை.

மார்கழி, தை மாதங்களில் சந்தையில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கும். அதில் வைக்கும் பிதுக்கப் பருப்புக் குழம்புக்கு எங்கள் வீட்டில் எல்லோருமே அடிமை. ஆனால் பிதுக்க யார் உட்காருவது? என் மகள் உட்கார்ந்தாள்! ஊறிய மொச்சையை இரண்டு விரலால் அழுத்தினால், பருப்பு சளக்கென்று தோலைவிட்டுத் துள்ளி வருகிறதே, அந்த வேலையைக் குழந்தைகளுக்காகவே யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். எந்த விலையுயர்ந்த பொம்மையும் அவளை அப்படி ஓரிடத்தில் உட்கார வைத்ததில்லை. "பாட்டி, என்னோடது பறந்துடுச்சு!" என்று அவள் கத்த, என் மாமியார் பீரோவுக்கடியில் தேட, கிண்ணம் நிறைந்தது. சாப்பிடும்போது ஒவ்வொரு பருப்பையும் எடுத்துக் காட்டி, "அப்பா, இது நான் பிதுக்கினது" என்றாளே, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! (பருப்பை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது அது. பெரியவர் ஒருவர் பக்கத்தைவிட்டு நகரவே கூடாது.)

அதிலிருந்து எல்லாமே அவளோடுதான். முருங்கைக்கீரை ஆய்வாள். தண்ணீரில் ஊறப்போட்ட சின்ன வெங்காயத்தின் தோலை உரிப்பாள். மொட்டைமாடியில் வடாம் காயும்போது காக்கை ஓட்டுவாள். துணி காயப்போட்டால் கிளிப் எடுத்துக் கொடுப்பாள்.

கிளிப் என்றதும் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இருவர் செய்து, 2006-இல் வெளியிட்டது. துணி காயப்போடும் பெரியவர் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் தவிப்பதுபோல் கையை நீட்டுவார். ஒன்றரை வயதுக் குழந்தைகள், யாரும் கேட்காமலே, தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன! பரிசு இல்லை, பாராட்டுகூட இல்லை. இன்னும் அருமையான செய்தி 2008-இல் வந்தது: உதவியதற்குப் பரிசுப்பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசு நின்றபின் முன்போல உதவவில்லை. அதனால் எங்கள் வீட்டில் வேலைக்குச் சாக்லேட்டும் கிடையாது, காசும் கிடையாது. "உன்னாலதான்டா சீக்கிரம் முடிஞ்சுது" என்ற ஒரு சொல் தாராளமாகப் போதும்.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளியிலும் குழந்தைகள் பெருக்கினார்கள், துடைத்தார்கள், மேசையில் தட்டு வைத்தார்கள். எல்லாம் விளையாட்டுச் சாமான் அல்ல, நிஜச் சாமான். குட்டிக் கைக்கேற்ற அளவில். அந்த அம்மையார் 1939-இல் நம் சென்னைக்கே வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை! நானும் பிளாஸ்டிக் சமையல் செட்டை மூட்டை கட்டிவிட்டேன். இப்போது மகளுக்கென்று ஒரு சின்ன முறம், சின்னச் செம்பு, குட்டையாக வெட்டிக் கட்டிய விளக்குமாறு எல்லாம் இருக்கின்றன.

இது பெண் குழந்தைக்கு மட்டுமான வேலையும் அல்ல. ஐந்து வயது மகன்தான் எங்கள் வீட்டுத் துணி மடிப்பு நிபுணர். சாக்ஸ் ஜோடி சேர்ப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. அவன் கோணலாக மடித்ததை அவன் கண்ணெதிரே பிரித்து மடிக்க மாட்டேன். கோணலாகவே பீரோவுக்குள் போகும், என்ன குறைந்துவிடும்?

நேரம் பிடிக்கத்தான் செய்யும். பள்ளிக்கூட வேன் வரும் காலையில் இதெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே! சீசன் முடிவதற்குள் ஒரு கிலோ மொச்சை வாங்கி உரித்து, சனிக்கிழமை இரவே ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.