நான்கு காமிராக்களும் ஒரு சதுரங்க அட்டையும்

மனிதன் நடப்பதையும் குதிப்பதையும் அளந்து எண்களாக்கும் கலைக்கு அசைவுப் பதிவு என்று பெயர். உடலெங்கும் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டிக்கொண்டு, விலையுயர்ந்த அகச்சிவப்புக் காமிராக்கள் சூழ நடந்தால்தான் அது கைகூடும் என்ற நிலை நெடுநாள் இருந்தது. இன்று உருண்டைகள் வேண்டாம். கணிப்பொறியில் செருகும் சாதாரண வெப்காமிராக்கள் மூன்று நான்கு போதும் என்கிறது ஃப்ரீமோகேப் என்ற இலவச மென்பொருள். அமெரிக்காவில் ஜோனதன் மாத்திஸ் என்ற ஆராய்ச்சியாளர் தொடங்கிய திட்டம் இது. நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம். மாணவன் கைக்கு ஒரு சோதனைச்சாலையையே கொண்டுவந்து கொடுத்த இம்முயற்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அங்கு கிடைக்கும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஒரு காமிராவின் படத்தில் உங்கள் முழங்கை ஒரு புள்ளி. காமிராவிலிருந்து அப்புள்ளி வழியே ஒரு கோடு நீட்டினால், முழங்கை அக்கோட்டில் எங்கோ இருக்கிறது. எவ்வளவு தொலைவில் என்று தெரியாது. இன்னொரு காமிராவின் கோடு வந்து வெட்டுமிடத்தில்தான் அது இருக்கவேண்டும். நில அளவைக்காரர் அறிந்த முக்கோண முறையேதான். படத்தில் முழங்கையைத் தேடிக் கொடுப்பது கூகுளின் மீடியாபைப். (ஆடைக்குள் இருக்கும் மூட்டை அது ஊகிக்கத்தான் செய்கிறது, அது தனிக்கதை.) கோடுகளை வரையவோ, ஒவ்வொரு காமிராவும் எங்கே நிற்கிறது, எப்பக்கம் பார்க்கிறது, அதன் லென்ஸ் படத்தை எப்படி வளைக்கிறது என்பதெல்லாம் தெரியவேண்டும். இதைக் கண்டறிவதே அளவுத்திருத்தம்.

துல்லியமாகச் செய்த முப்பரிமாணச் சாதனங்கள் இதற்குத் தேவைப்பட்ட காலம் உண்டு. கட்டங்கள் அச்சிட்ட தட்டையான அட்டையைப் பல சாய்வுகளில் காட்டினாலே போதும் என்று 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜெங்யூ ஜாங் காட்டினார். ஃப்ரீமோகேப்பும் அட்டையையே கேட்கிறது. அதன் வெள்ளைக் கட்டங்களில் தனித்தனி அடையாளங்கள் இருப்பதால், அட்டை பாதி மறைந்தாலும் எது எந்த மூலை என்று கணிப்பொறிக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு சரியா என்று பார்க்க வழக்கமாகச் சொல்லப்படும் எண் ஒன்று உண்டு. கண்டுபிடித்த முப்பரிமாணப் புள்ளிகளை மீண்டும் படத்தில் வீழ்த்தினால், உண்மைப் புள்ளியிலிருந்து எத்தனை படப்புள்ளிகள் விலகுகின்றன என்பதே அது. ஒன்றுக்கும் குறைவாக வந்தால் எல்லாம் சரி என்று புதியவர் எழுந்துவிடுகிறார். இங்கேதான் ஆபத்து.

கட்டத்தின் பக்கம் எத்தனை மி.மீ. என்று நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம். 40 என்று எழுதுகிறோம். தாளுக்குள் அடக்குவதற்காக அச்சுப்பொறியோ அதை 38 ஆகச் சுருக்கியிருக்கிறது. அறை, காமிராக்களின் இடைவெளி, மனிதன் எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாகின்றன. படங்களில் எதுவும் மாறாது. ஆகவே அந்த எண்ணும் மாறாது. 170 செ.மீ. மனிதர் 179 செ.மீ. ஆகிவிடுவார்! மூட்டுக் கோணங்களுக்கு இதனால் கேடில்லை. நீளமும் வேகமும்தான் கெடும். பக்கவாதத்திலிருந்து மீள்பவரின் நடைவேகத்தை ஒரு மாத இடைவெளியில் இருமுறை அளக்கிறோம். இடையில் அட்டையைப் புதிதாக அச்சிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீத முன்னேற்றம் தெரியும். அது அச்சுப்பொறியின் முன்னேற்றம்!

அடுத்தது நேரம். வெப்காமிராக்களை ஒரே கணத்தில் படமெடுக்க வைக்கும் பொதுக் கம்பி கிடையாது. விநாடிக்கு 30 படம் என்றால் இடைவெளி 33 மில்லிவிநாடி. மிக நெருங்கிய படங்களை மென்பொருள் இணை சேர்த்தாலும் 17 மில்லிவிநாடி வரை வேறுபாடு நிற்கலாம். நடப்பவரின் உடல் அதற்குள் சுமார் 2 செ.மீ. நகரும், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பந்தெறியும் கையோ 10 செ.மீ. போய்விடும். நடையை ஆராயலாம், பந்துவீச்சை ஆராய இது ஏற்றதல்ல என்பேன். அட்டையை மெதுவாக நகர்த்தி, நிறுத்தி நிறுத்திக் காட்டவேண்டியதும் இதனால்தான்.

தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடவேண்டும். அது ஓடினால் லென்ஸின் கணக்கே மாறும். நான்கு காமிராக்களையும் ஒரே ஹப்பில் செருகக் கூடாது. 1280×720 அளவுப் படம், சுருக்காமல் அனுப்பினால், விநாடிக்குச் சுமார் 44 கோடி பிட்டுகள். யூஎஸ்பி 2 தாங்கும் உச்சமே 48 கோடிதான்.

இத்தகைய மென்பொருளில் மீட்டர்கோல் சோதனை ஒரு கட்டாயப் படியாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து. அளவுத்திருத்தம் முடிந்ததும், ஒரு மீட்டர் கோலின் இரு முனைகளிலும் அடையாளமிட்டு, அறை முழுதும் கொண்டுசென்று அதன் நீளத்தைக் கணக்கிடச் செய்யுங்கள். எங்கும் ஒரே அளவில் தவறினால் கட்டத்தின் அளவை மீண்டும் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். நடுவில் சரியாக இருந்து ஓரங்களில் மட்டும் விலகினால், அட்டை அந்த ஓரங்களுக்குப் போகவில்லை என்று பொருள். அதை அங்கும் காட்டி மறுபடி தொடங்கவேண்டும்.