மூன்று இதழ்களின் சண்டை: பிரிட்டனின் வீட்டுக் கணினி விளையாட்டு ஏடுகளும் அவற்றின் நினைவும்

1985இல் பிரிட்டனில் கணினி விளையாட்டு இதழ் ஒன்று இன்னொன்றின் மீது சட்ட நடவடிக்கை எடுத்தது. ‘கிராஷ்’ என்ற மாத இதழ் தன் போட்டியாளரான ‘சின்க்ளேர் யூசர்’ இதழைப் பகடி செய்து, ‘அன்க்ளியர் யூசர்’ என்ற தலைப்பில் சில பக்கங்களை அச்சிட்டிருந்தது. சின்க்ளேர் யூசரை நடத்திய ஈமேப் நிறுவனம் சும்மா விடவில்லை. அந்தப் பக்கங்களை இதழிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. இரண்டு இதழ்களையும் வாங்கியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். கைச்செலவுக் காசை எண்ணி எண்ணி வைத்து, மாதம் ஒரு முறை கடைக்குப் போனவர்கள். அவர்களுக்காக நடந்த சண்டை வழக்குவரை போயிற்று என்பதே அந்த உலகத்தின் சூட்டைச் சொல்லிவிடும்.

அந்த வாசகர்கள் இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கிறார்கள். பழைய இதழ்களைத் தேடி வாங்குகிறார்கள், மறுபதிப்புகளுக்கு முன்பணம் கட்டுகிறார்கள், எந்த இதழ் சிறந்தது என்று இன்னமும் வாதாடுகிறார்கள். இளமைக்கால ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. அந்த இதழ்கள் உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டவை. அவ்வளவு நன்றாக எழுதவைத்தது அவற்றுக்குள் இருந்த பகைதான்.

பகைக்கு அடிப்படை ஒரு கருவி. 1982 ஏப்ரலில் சின்க்ளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் கணினியை வெளியிட்டது. 16 கே நினைவகம் கொண்டது 125 பவுண்ட், 48 கே கொண்டது 175 பவுண்ட். ரப்பர் விசைப்பலகை, தொலைக்காட்சியே திரை, விளையாட்டுகள் ஒலிநாடாவில். அதே ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான கமடோர் 64 அதைவிட விலை கூடியது. ஒரு வீட்டில் ஒரு கணினிதான் இருக்கும். அதற்கான கேசட் வேறு கணினியில் ஓடாது. எனவே எந்தக் கணினியை அப்பா வாங்கித் தந்தாரோ அந்தக் கட்சியில் பிள்ளை சேர்ந்தாக வேண்டும். ஸ்பெக்ட்ரமில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்களே வரலாம். பாத்திரங்கள் நகரும்போது நிறங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். கமடோரில் மூன்று குரல் இசை எழுப்பும் தனிச் சில்லு இருந்தது. ஆனால் நாடாவிலிருந்து நிரல் ஏறுவதற்குள் பொறுமை போய்விடும். வாசகர் கடிதப் பக்கங்களில் இந்தக் குறைகளைச் சுட்டிச் சுட்டி இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதாடின.

கணினிக்கும் கணினிக்கும் நடந்த இந்த மோதலை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது ஒரே கணினிக்குள் நடந்த மோதல். ஸ்பெக்ட்ரமுக்கு மட்டும் மூன்று பெரிய இதழ்கள் இருந்தன. சின்க்ளேர் யூசர் 1982இலேயே தொடங்கிவிட்டது. கிராஷ் 1984 தொடக்கத்தில் வந்தது. ‘யுவர் ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் தொடங்கிய இதழ் 1986 ஜனவரியில் ‘யுவர் சின்க்ளேர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மூன்றும் ஏறக்குறைய அதே விளையாட்டுகளைத்தான் விமர்சித்தன, அதே வாசகரைத்தான் தேடின. செய்தியில் வித்தியாசம் காட்ட வழியில்லாதபோது குரலில் காட்ட வேண்டியிருந்தது.

கிராஷின் குரல் லண்டனிலிருந்து வரவில்லை. ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பழைய கோட்டை ஒன்றைச் சுற்றி அமைந்த லட்லோ என்ற சிறிய சந்தை ஊரிலிருந்து வந்தது. ரோஜர் கீன், ஓவியர் ஆலிவர் ஃப்ரே, அவர் தம்பி ஃப்ராங்கோ ஃப்ரே ஆகிய மூவரும் 1983இல் அஞ்சல்வழி விளையாட்டு விற்பனையாகத் தொடங்கினார்கள். அதற்கான பட்டியல்தான் வளர்ந்து இதழாயிற்று. நியூஸ்ஃபீல்ட் என்பது நிறுவனத்தின் பெயர். விளையாட்டுகளை மதிப்பிட உள்ளூர்ப் பள்ளி மாணவர்களையே அழைத்தார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் மூன்று பேர் தனித்தனியாகக் கருத்து எழுதினார்கள். தொடக்கத்தில் பெயர்கூடப் போடவில்லை. ஒருவர் புகழ்ந்ததை அடுத்த பத்தியிலேயே இன்னொருவர் மறுக்கலாம். வாங்கப்போகும் பிள்ளையின் வயதிலேயே இருந்த ஒருவன் எழுதிய தீர்ப்பு அது. சதவீதத்தில் மதிப்பெண் தந்தார்கள். 1986இல் மாதத்துக்கு ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டி, பிரிட்டனில் மிக அதிகம் விற்ற கணினி இதழாக கிராஷ் ஆயிற்று.

மதிப்பெண்ணின் கனத்தை உணர அந்நாளைய விலையைப் பார்க்க வேண்டும். அல்டிமேட் நிறுவனம் தன் புகழ்பெற்ற விளையாட்டுகளை 9.95 பவுண்டுக்கு விற்றது. மாஸ்டர்ட்ரானிக் போன்றவர்கள் 1.99க்கு மலிவு விளையாட்டுகள் தந்தார்கள். பெட்டியின் படம் மயக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒன்று கிடைக்கும் பிள்ளைக்கு, தவறான விளையாட்டு என்றால் பல மாத ஏமாற்றம். விமர்சகன் பொய் சொன்னால் அது நேராகப் பையைத் தொடும்.

ஆலிவர் ஃப்ரேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூரிச்சில் 1948இல் பிறந்தவர். 1978இல் வந்த சூப்பர்மேன் திரைப்படத்தின் தொடக்கத்தில் தெரியும் காமிக்ஸ் பக்கங்களை வரைந்தவர் அவர்தான். நியூஸ்ஃபீல்டின் அட்டைகளை மாதந்தோறும் அவர் தீட்டினார். திரையில் சில புள்ளிகளாக மட்டுமே தெரிந்த அரக்கனுக்கும் வீரனுக்கும் அட்டையில் தசையும் வியர்வையும் தந்தார். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு மெல்லிய உறவு உண்டு. ஃப்ரே முன்பு லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் போர்க்கதைக் காமிக்ஸ்களுக்கு வரைந்தவர். நம் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியும் அதே ஃப்ளீட்வேயிலிருந்து வந்தவன். மாயாவியின் அட்டைக்காகக் காசு சேர்த்தவர்களுக்கு, கிராஷ் அட்டை கடைச் சட்டத்தில் தொங்கியபோது லட்லோ பையனின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கமடோர்க்காரர்களுக்காக நியூஸ்ஃபீல்ட் 1985இல் ‘ஸாப் 64’ தொடங்கியது. முதல் ஆசிரியர் கிரிஸ் ஆண்டர்சன். பாகிஸ்தானில் பிறந்து, முசூரியில் பள்ளிப்படிப்புப் படித்தவர். பின்னாளில் டெட் உரைகளின் தலைவராக உலகறிந்தவர். ஸாபின் அலுவலகம் முதலில் யோவில் நகரில் இருந்தது. சில மாதங்களில் அதை லட்லோவுக்கு மாற்றினார்கள். ஆண்டர்சன் வெளியேறி, அதே ஆண்டு சாமர்செட்டில் ஃப்யூச்சர் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, ‘ஆம்ஸ்ட்ராட் ஆக்ஷன்’ இதழைக் கொண்டுவந்தார். நியூஸ்ஃபீல்டும் ஆம்ஸ்ட்ராட் கணினிக்கு ‘ஆம்டிக்ஸ்’ இதழைக் கொண்டுவந்தது. ஆம்டிக்ஸ் 1987இல் நின்றுபோயிற்று. ஆம்ஸ்ட்ராட் ஆக்ஷன் 1995வரை நின்றது. பகைக்கு ஆள் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஸாபில் விமர்சகர்களுக்குப் பெயரும் முகமும் கிடைத்தன. ஜூலியன் ரிக்னல், கேரி பென் போன்றவர்களின் தலைகளைப் பலவிதப் பாவனைகளில் ஃப்ரே வரைந்து வைத்திருந்தார். விளையாட்டு பிடித்ததா இல்லையா என்பது கட்டுரையைப் படிக்குமுன் முகத்திலேயே தெரியும். முதல் மணிநேரத்தில் எவ்வளவு ஈர்க்கிறது, மாதம் கழித்தும் எவ்வளவு நிற்கிறது என்று இரண்டையும் பிரித்து மதிப்பெண் போட்டார்கள். எளிய யோசனைதான், ஆனால் பல நாவல் விமர்சனங்களில்கூட இந்தப் பிரிவினை இருப்பதில்லை. இதைவிட அரிய ஒன்றையும் ஸாப் செய்தது. ஆண்ட்ரூ பிரேப்ரூக் பாரட்ராய்ட் என்ற விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தபோதே எழுதிய நாட்குறிப்பை 1985இல் தொடராக வெளியிட்டது. ஒரு நிரலாளன் எதை எழுதினான், எதை அழித்தான், எங்கே முட்டிக்கொண்டு நின்றான் என்று பள்ளிப் பிள்ளைகள் மாதாமாதம் படித்தார்கள். அந்தத் துறையின் வரலாற்றை எழுத வருபவருக்கு இதைவிட நேரடியான ஆவணம் கிடைப்பது கடினம்.

யுவர் சின்க்ளேர் வேறு வழியில் போயிற்று. விற்பனையில் கிராஷை எட்டாத நிலையில் அது சிரிப்பைப் பிடித்துக்கொண்டது. விமர்சனத்தைத் தொடங்கி, நடுவில் சொந்தக் கதைக்குப் போய், கடைசிப் பத்தியில் விளையாட்டுக்குத் திரும்புவார்கள். வாசகரை வீட்டு ஆள்போல நடத்துவார்கள். ஆண் பிள்ளைகள் கூட்டமாகவே இருந்த அந்த உலகில் தெரேசா மாகன் ஆசிரியராக இருந்து இந்தக் குரலை வளர்த்தார். மூன்று ஸ்பெக்ட்ரம் இதழ்களில் உரைநடையாக இன்றும் படிக்கத் தக்கது எது என்று கேட்டால் நான் யுவர் சின்க்ளேரைத்தான் காட்டுவேன். கிராஷுக்கு ஃப்ரேயின் ஓவியமும் நேர்மையும் உண்டு. சின்க்ளேர் யூசரின் பக்கங்கள் எனக்கு இப்போது அவ்வளவாக உயிரோடு தெரியவில்லை.

வாசகரும் இதழை எழுதினார்கள். தாவுவதும் சுடுவதுமான விளையாட்டுகளின் அறைகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, வரைபடத் தாளில் முழு வரைபடம் போட்டு அனுப்பினார்கள். முடிவில்லாத உயிர்கள் கிடைக்க நினைவகத்தில் எந்த எண்ணை மாற்றலாம் என்று கண்டுபிடித்து எழுதினார்கள். ஜெட் செட் வில்லி விளையாட்டு பிழையோடு வெளிவந்து முடிக்கவே முடியாமல் கிடந்தபோது, அதைச் சரிசெய்யும் எண்கள் இதழ்கள் வழியாகத்தான் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. கிராஷின் கடிதப் பக்கத்தை நடத்திய லாய்ட் மாங்ரம் என்பவர் தலையில் காகிதப் பையோடு வரையப்பட்டிருப்பார். உண்மையில் அப்படி ஒருவர் இல்லை, அது ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனாலும் பிள்ளைகள் அவருக்குக் கோபமாகவும் பாசமாகவும் எழுதினார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகளில் ‘எல்எம்’ என்று பொது இளைஞர் இதழ் ஒன்றையும் நியூஸ்ஃபீல்ட் தொடங்கியது. நான்கு இதழ்களோடு அது நின்றது.

வீழ்ச்சிக்குக் கணினிகள் பழசானது ஒரு காரணம். 1986இல் சின்க்ளேரின் கணினிப் பிரிவை ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிவிட்டது. பிள்ளைகள் அமிகா கணினிக்கும் ஜப்பானிய விளையாட்டுக் கருவிகளுக்கும் போனார்கள். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. 1980களின் கடைசியில் அட்டையில் கேசட் ஒட்டித் தரும் போட்டி மூண்டது. ஓர் இதழ் ஒரு விளையாட்டு தந்தால் அடுத்தது இரண்டு தரும், பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். வாசகர் இதழை வாங்கிக் கேசட்டைப் பிய்த்துக்கொண்டார். மலிவு விளையாட்டுச் சந்தையும் அடிபட்டது, இதழின் பக்கங்களும் மெலிந்தன. குரலால் மோதிய காலம் போய், பிளாஸ்டிக்கால் மோதிய காலம் வந்தது. அங்கேதான் இந்த இதழ்கள் எனக்குச் சலித்துப் போகின்றன.

1991இல் நியூஸ்ஃபீல்ட் கலைந்தது. வேறொரு நிறுவனம் கிராஷைச் சில மாதம் நடத்தியது. 1992 ஏப்ரலில் அது யாரிடம் போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஈமேப்பிடம். பகடிப் பக்கங்களுக்காகச் சட்டத்தை நாடிய சின்க்ளேர் யூசருக்குள் கிராஷ் கரைந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சின்க்ளேர் யூசரும், செப்டம்பரில் யுவர் சின்க்ளேரும் நின்றன. ஸாப் ‘கமடோர் ஃபோர்ஸ்’ ஆகி 1994 மார்ச்சில் முடிந்தது. ரிக்னலும் பென்னும் அதற்கு முன்பே ஈமேப்பின் இதழ்களுக்குப் போயிருந்தார்கள். வாசகர்கள் கோட்டையாக நினைத்திருந்த சுவர்களுக்குள் வேலை செய்தவர்களுக்குக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

நினைவின் வரலாறு 2004இல் தொடங்கியது எனலாம். அந்த ஆண்டு ‘ரெட்ரோ கேமர்’ இதழ் வந்தது. பழைய எதிரிகள் எல்லோரும் அதில் ஒரே மேசைக்கு வந்தார்கள். வாசகர்களின் முன்பணத்தில் கிராஷ் ஆண்டுமலர் வெளியானது. கீனும் ஃப்ரேயும் அதில் கைகொடுத்தார்கள். 2020இல் கிராஷே சிறிய அளவில் திரும்பி வந்தது, ஸாபும் பின்தொடர்ந்தது. ஃப்ரே 2022இலும் கீன் 2023இலும் மறைந்தார்கள். இந்த மறுவருகைகளை நான் மதிக்கிறேன், ஆனால் ஒரு குறை தெரிகிறது. இவற்றுக்கு எதிரி இல்லை. அன்று ஒரு மோசமான விளையாட்டை ஓர் இதழ் தூக்கிப் பிடித்தால், அதே மாதம் பக்கத்துச் சட்டத்தில் தொங்கிய இன்னொன்று அதை அம்பலப்படுத்திவிடும். விளம்பரம் தரும் நிறுவனத்தின் பொருளையே விமர்சிக்கும் தொழிலில் அந்த அச்சம்தான் காவல். இன்றைய நினைவு இதழ்களில் எல்லாமே அருமை.

ஏக்கம் மறைப்பதும் உண்டு. 1987இல் பார்பேரியன் விளையாட்டின் விளம்பரத்தில் மாடல் மரியா விட்டேக்கர் அரை ஆடையில் நின்றார். எதிர்ப்பு எழுந்தது, விற்பனையும் எழுந்தது. பெண் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் அந்தப் பக்கங்களில் குறைவு. அந்தக் குறைவை ஆண்டுமலர்கள் பேசுவதில்லை. ஸ்பெயினின் ‘மைக்ரோஹாபி’, ஜெர்மனியின் ‘பவர் ப்ளே’, போலந்தின் ‘பாய்டெக்’ ஆகியவற்றுக்கும் இதேபோன்ற வாசகர் கூட்டங்கள் இருந்தன. பிரிட்டிஷ் நினைவு அவற்றையும் கண்டுகொள்வதில்லை.

ஸ்கேன் செய்யப்பட்ட பழைய இதழ்கள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. ஆராய வருபவர்கள் ஒரே இதழை வரிசையாகப் படிப்பதைவிட, ஒரே மாதத்தின் மூன்று இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் படிப்பது நல்லது. 1987இல் வந்த ஹெட் ஓவர் ஹீல்ஸை எடுத்துக்கொள்ளலாம். ஜான் ரிட்மன் நிரல் எழுத, பெர்னி டிரமண்ட் வரைந்த விளையாட்டு. மூன்று இதழ்களும் அதைக் கொண்டாடின. தீர்ப்பு ஒன்றே என்பதால், ஒவ்வொன்றும் அதைச் சொன்ன விதம் மட்டும் தனியாகத் தெரியும்.